எத்துப்பல்லுக்குக் கிளிப்: பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டரை வருஷம்

2022 ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம், டியூஷன் முடிந்து வந்த என் பெரிய மகள் எங்கள் வீதி முக்கில் சைக்கிளோடு விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பை அவளே பைப்படியில் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். வாயைத் திறந்ததும்தான் எனக்குப் பகீரென்றது. மேல் முன்பல் ஒன்றில் நொய்யரிசி அளவுக்கு ஓரம் உடைந்து போயிருந்தது. கீழ் உதட்டில் அதே பல் இறங்கிய வெட்டு. அப்போது அவளுக்கு 11 வயசு.

உடைந்த ஓரத்துக்குப் பல் நிறத்திலேயே பூச்சு வைத்து அடைத்துக் கொடுத்த டாக்டர் நல்ல மனுஷர். அடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அடைச்சுட்டனுங்க. ஆனா பாப்பாவுக்குப் பல்லு இவ்வளவு முன்னால நீட்டிட்டு இருக்கற வரைக்கும், எப்ப விழுந்தாலும் மொதல்ல அடி வாங்கறது இதே பல்லுத்தானுங்க. கிளிப்புப் போடற டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டிப்போடுங்க."

அதுவரைக்கும் எத்துப்பல்லை நாங்கள் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. வீட்டுக்காரருக்கும் அதே பல், அவருடைய அப்பாவுக்கும் அதே பல். மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏஞ்சாமி, எங்கூட்டு ராசியே அந்தப் பல்லுலதான இருக்குது. பொட்டப்புள்ளைக்கு வாயில கம்பியக் கட்டி உடோணுமா?" அவர் பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அன்று ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள், "அம்மா, கிளிப்புப் போட்டா நான் வாய மூடிட்டுத் தூங்கலாமா?" உதடு இரண்டும் சேராமலே அவள் தூங்குவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது அவளுக்கு ஒரு சங்கடம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யோசிக்கவில்லை.

நாங்கள் சென்னிமலைக்காரர்கள். ஆறு தறி வைத்து போர்வை ஓட்டுகிறோம். கையில் பணம் புரளும் குடும்பம் இல்லை என்பதால் மூன்று இடத்தில் விசாரித்தேன்.

முதலில் போன கிளினிக்கின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் சிரிக்கிற முகங்கள். ஐந்து நிமிஷம் வாயைப் பார்த்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, அளவு எடுக்கவில்லை. "மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலு பல்லு எடுத்துட்டு கிளிப் போட்டுறலாம். 45,000. இன்னைக்கே பாதி கட்டினா அஞ்சாயிரம் குறையும்" என்றார்கள். பாவு நூலைத் தொட்டுப் பார்க்காமல் எந்த நெசவாளியும் தறி ஏற்ற மாட்டான். எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது அலைனர். கண்ணுக்குத் தெரியாத கிளிப் என்பார்களே, பல் மேல் மாட்டுகிற கண்ணாடி மாதிரி உறை, அதுதான். ஒரு பையன் வீட்டுக்கே வந்து பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டு ஸ்கேன் எடுத்து, லேப்டாப்பில் பல் நகர்ந்து வரிசையில் நிற்பதைக் காட்டினான். பார்க்க அவ்வளவு அழகு. 1,80,000 ரூபாய், மாசத் தவணை. "எந்த டாக்டருங்க பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "எங்க டீம் ஆன்லைன்ல பார்ப்பாங்கக்கா" என்றான். அதோடு விட்டுவிட்டேன். பிற்பாடு, அமெரிக்காவில் தபாலிலேயே அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற கம்பெனி 2023 டிசம்பரில் மூடப்பட்டு, வைத்தியம் பாதியில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள் என்று அக்கா மகன் சொன்னபோது அந்தப் பையனின் பதில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அலைனரையே குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவதாகப் போனது பல் மருத்துவக் கல்லூரி. நம் பக்கத்தில் இது ஒரு வசதி. பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. திருச்செங்கோடு, குமாரபாளையம், கோயம்புத்தூர், சேலம் என்று சுற்றிலும் பல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கிளிப் போடுகிறவர்கள் பி.டி.எஸ். ஐந்து வருஷம் முடித்துவிட்டு, அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படிக்கிற டாக்டர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த வேலை. நாங்கள் போன கல்லூரியின் பெயரை எழுதவில்லை. ஈரோட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகும் தூரம், அவ்வளவுதான்.

முதல் நாளே தெரிந்துவிட்டது வித்தியாசம். அன்றைக்குக் கிளிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாய் முழுக்கத் தெரிகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று, முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கிற செஃபலோகிராம் ஒன்று. பிறகு ரோஸ் நிற மாவைத் தட்டில் நிரப்பி வாயில் வைத்து அச்சு. அந்த மாவு தொண்டைக்கு வந்து இவள் குமட்டினாள். "மூக்குல மூச்சு விடு கண்ணு, கால் கட்டை விரல ஆட்டிக்கிட்டே இரு" என்று எங்களைப் பார்த்த டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தே முடித்துவிட்டார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேல் வரிசை கீழ் வரிசை இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் போனபோது அதன் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினார்: மேல்பல் கீழ்ப்பல்லைவிட 9 மில்லிமீட்டர் முன்னால். சாதாரணமாக 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டுமாம்.

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "பாப்பா வயசுக்கு வந்துட்டாளுங்களா?"

எனக்குத் திக்கென்றது. பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் செஃபலோகிராமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பல்லைக் காட்டாமல் கழுத்தெலும்பைக் காட்டினார். கழுத்து எலும்பின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா, உள்வளைந்திருக்கிறதா என்பதை வைத்து உடம்பின் வளர்த்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிப்பார்களாம். பெண் பிள்ளைகளுக்கு வேகமாக உயரம் ஏறுகிற காலம், பெரும்பாலும் வயசுக்கு வருவதற்குச் சற்று முன்பே உச்சத்துக்குப் போய்விடும். பையன்களுக்கு அது ஒன்றிரண்டு வருஷம் தள்ளி வரும். என் மகளுக்குத் துருத்தியிருந்தது மேல்பல் மட்டும் இல்லை. கீழ்த்தாடை பின்தங்கி நின்றது. வளர்த்தி மிச்சம் இருக்கிற வரைதான் தாடைக்கு வேலை செய்ய முடியும். அது முடிந்துபோனால் பல்லைப் பிடுங்கிக் குறையை மறைக்கலாம், இல்லையென்றால் பெரியவளானதும் தாடையில் ஆபரேஷன்.

"சரியான நேரத்துல வந்திருக்கீங்கம்மா" என்றார். அந்தக் கிளினிக்கில் பாதிப் பணம் கட்டியிருந்தால் நான்கு நல்ல பல் போயிருக்கும். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கிளிப் உலோகமா, பீங்கானா, கண்ணாடி மாதிரியா என்று விலை கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளைக்கு வளர்த்தி எவ்வளவு மிச்சம்? தாடையில் குறையா, பல்லில் மட்டும் குறையா?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயை வைத்து இதற்குப் பதில் சொல்கிற டாக்டரிடம் வைத்தியத்தை ஆரம்பியுங்கள்.

2022 ஆகஸ்டில் ட்வின் பிளாக் போட்டார்கள். மேலுக்கு ஒரு தட்டு, கீழுக்கு ஒரு தட்டு, இரண்டிலும் சரிவாகச் செதுக்கிய அக்ரிலிக் கட்டை. வாயை மூடினால் அந்தச் சரிவில் வழுக்கிக் கீழ்த்தாடை தானாக முன்னால் வந்து நிற்கும். ஸ்காட்லாந்தில் கிளார்க் என்ற பல் டாக்டர் 1970-களில் உருவாக்கியதாம். மேல் தட்டின் நடுவில் ஒரு சின்னத் திருகு, அதில் குண்டூசித் தலை அளவுக்குத் துளை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் அந்தச் சின்னச் சாவியைத் துளையில் விட்டுக் கால் சுற்றுச் சுற்ற வேண்டும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் தட்டு அகலும், அதோடு மேல்வரிசையும் மெல்ல விரியும். கை நடுங்கிக்கொண்டு செய்த முதல் ஞாயிறு எனக்கு மறக்காது. சாவியை வெளியே எடுக்கும்போது திருகைத் திரும்பிப் பின்னால் சுற்றிவிடக் கூடாது. அதையும் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதல் வாரம் கஷ்டம். "ச" வரவில்லை, எச்சில் வழிந்தது, காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி. வகுப்பில் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். தறிச்சத்தத்துக்குள் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைக் கத்திக் கத்திப் படித்தாள். பத்து நாளில் பேச்சு பழைய மாதிரி ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது என்றார்கள். அது பழக ஒரு மாசம் ஆனது. அரிசிம்பருப்பு சோற்றைக் குழைய வடித்து நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினேன், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு.

2023 தையில் பெரிய மனுஷியானாள். தெரட்டிச் சீருக்கு ஒறம்பரை எல்லாம் கூடியிருக்க, போட்டோகிராபர், "பாப்பா, வாயில இருக்கறதக் கழட்டிட்டுச் சிரி" என்றார். என் தம்பி, தாய்மாமன் அல்லவா, அவனும் "ஒரு மணி நேரந்தானக்கா" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். அந்த ஆல்பத்தில் பட்டுச்சேலையும் மாலையுமாக, உதட்டுக்குள் ரோஸ் பிளாஸ்டிக் தெரிய உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடிக்கும்.

பத்து மாசத்தில் 9 மில்லிமீட்டர் 3 ஆனது. பேராசிரியர் ஒன்றை மறைக்காமல் சொன்னார்: இதில் தாடை வளர்ந்தது கொஞ்சம்தான், பெரும்பகுதி பற்கள் சாய்ந்து நகர்ந்ததால் வந்தது. ஆராய்ச்சிகளும் அப்படித்தான் சொல்கின்றனவாம். எட்டு வயதிலேயே ஆரம்பித்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்குமா என்று கேட்டேன். கடைசி முடிவில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் விழுந்து பல் உடைகிற ஆபத்து குறைந்திருக்கும் என்றார். உடைந்த பல்லைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

2023 ஜூலையில் கிளிப். இங்கேதான் வகை வகையாகச் சொன்னார்கள். உலோகக் கிளிப் விலை குறைவு, உறுதி அதிகம். பீங்கான் கிளிப் பல் நிறத்திலேயே இருக்கும். ஆனால் பருமன், உடையும், கழற்றும்போது பல்லின் மேற்பூச்சான எனாமலுக்கு அதிகக் கவனம் வேண்டும். ரப்பர் வளையம் இல்லாமல் சின்னக் கதவு மாதிரி மூடிக்கொள்கிற செல்ஃப் லைகேட்டிங் கிளிப். விலை கூடுதல், மற்றபடி சாதாரணக் கிளிப்பைவிடச் சீக்கிரம் முடியும் என்று நம்ப வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். பல்லுக்கு உட்பக்கம் ஒட்டுகிற லிங்குவல் கிளிப். நாக்கை அறுக்கும், செலவும் அதிகம். கடைசியாக அலைனர். லேசான நெருக்கடிக்கும் இடைவெளிக்கும் நன்றாக வேலை செய்யும், சாப்பிடும்போது கழற்றிவிடலாம், பல் துலக்குவது சுலபம். ஒரு நாளில் 20லிருந்து 22 மணி நேரம் மாட்டியிருந்தால்தான் பலன். "உங்க பாப்பா போட்டுக்குவாளா, இல்ல டிபன் பாக்ஸுல வெச்சுட்டு மறந்துருவாளா, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. ட்வின் பிளாக்கைக் கழற்றாதவள் அலைனரையும் கழற்றியிருக்க மாட்டாள். எங்களுக்குத் தடையாக இருந்தது பணம் மட்டும்தான். உலோகத்துக்கே ஒத்துக்கொண்டோம். அவளே தேர்ந்தெடுத்தது மயில்கழுத்து நிற ரப்பர்.

கிளிப் ஒட்டிய நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல்லின் மேல் நீல நிற ஜெல் தடவினார்கள். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். அரை நிமிஷம் விட்டுக் கழுவி ஊதியதும் பல்லின் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும். இவளுக்கு இரண்டு முன்பல்லில் அது சரியாக வெளுக்கவில்லை. "குழந்தையில எந்த ஊர்த் தண்ணி குடிச்சா?" என்று கேட்டார். என் பிறந்த ஊர் தர்மபுரிப் பக்கம். தறி வேலைக்காக இவளை நாலு வயசு வரை என் அம்மாவிடம்தான் விட்டிருந்தேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருவதற்கு முந்தின காலம், போர் தண்ணீர்தான். அந்த மண்ணின் ஃபுளோரைடு, முன்பல் உள்ளே உருவாகிக்கொண்டிருந்த வயசில் உடம்புக்குள் போய், மேற்பூச்சில் வெள்ளைத் திட்டாக நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட பல்லில் கிளிப் எளிதில் பிடிக்காது என்று மறுபடி அமிலம் வைத்துக் கூடுதல் நேரம் விட்டார்கள். அப்படியும் அந்த இரண்டு பல்லில் மட்டும் கிளிப் மூன்று தடவை பெயர்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் போடுவது நிக்கல் டைட்டானியம் கம்பி, தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமன். டாக்டரம்மா ஒரு துண்டைக் கண்டபடி வளைத்து, டம்ளரில் இருந்த சுடுதண்ணீரில் போட்டார். பாம்பு நெளிகிற மாதிரி நெளிந்து பழைய வளைவுக்கே வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த உலோகமாம். 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்திருக்கிறது. வாயின் சூட்டில் அது தன் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், போகிற போக்கில் பல்லையும் கூட்டிக்கொண்டு போகும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போனால் கொஞ்சம் தடித்த கம்பி மாற்றுவார்கள். கடைசியில் நீள்சதுரமான ஸ்டீல் கம்பி.

"ஒரே இழுப்பாக இழுத்துச் சீக்கிரம் முடிக்கக் கூடாதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சவ்வு இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் முன்பக்க எலும்பு கரையும், பின்பக்கம் புது எலும்பு சேரும், பல் மாசத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். பலமாக அழுத்தினால் அந்தச் சவ்வுக்கு ரத்த ஓட்டம் நின்று பல் நகராமலே நின்றுவிடும், வேரும் தேயலாம் என்றார் டாக்டரம்மா. இவர் உடனே, "பாவு அதிகமா இறுக்குனா நூலு அறுந்து தறி நிக்கறாப்புல" என்றார். அந்த டாக்டரம்மா இந்த உதாரணத்தை அப்புறம் மற்றவர்களுக்கும் சொல்லக் கேட்டேன்.

வலி ஒவ்வொரு தடவையும் மூன்று நாள். கன்னத்தில் உரசிப் புண்ணானால் ஒட்ட மெழுகு கொடுத்தார்கள். சாப்பாட்டில்தான் சோதனை. முறுக்கு, கடலை உருண்டை, கொய்யா, எலும்புக்கறி எல்லாம் நின்றது. ஒப்புட்டு சாப்பிடலாம், கச்சாயம் கூடாது. பள்ளிபாளையம் சிக்கனில் தேங்காய்ச் சில்லை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். 2024 பொங்கல் நோம்பியில் கரும்பைக் கண்டதும் மனசு கேட்காமல் ஒரே ஒரு கணு கடித்தாள். கடைவாயில் ஒரு கிளிப் போச்சு. அதற்குத் திட்டாமல் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆனால் இன்னொன்றுக்குக் கடுமையாகத் திட்டினார்கள். கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. சரியாகத் துலக்காததால் பல்லின் சுண்ணாம்புச்சத்து அரிக்கப்படுகிற முதல் அடையாளம் அது. முற்றினால் கிளிப்பைக் கழற்றிய பிறகும் கட்டம் கட்டமாகத் தழும்பு நிற்கும். பேராசிரியர் அதைப் போட்டோ எடுத்து என்னிடமும் அவளிடமும் காட்டினார். அன்றிலிருந்து பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கிற அந்தச் சின்னப் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் விட்டு, ராத்திரி பத்து நிமிஷம் நான் பக்கத்தில் நின்று துலக்க வைத்தேன். கோடு அதற்கு மேல் பரவவில்லை. ஒரு பல்லில் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. அது என் கவனக்குறைவு.

கடைசி எட்டு மாசம் மேல் சிங்கப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குச் சின்ன ரப்பர் மாட்டினாள். தினம் புது ரப்பர், சாப்பிடும் நேரம் தவிர எப்போதும். மூன்று நாள் விட்டால் மூன்று வாரம் பின்னால் போகும் என்றார்கள். இது முழுக்கப் பிள்ளையின் கையில் இருக்கிற வேலை. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி கல்லூரியின் குறைகள். சனிக்கிழமை கூட்டம், பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் நாற்காலி கிடைக்கும். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். கம்பி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் குத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகவெட்டியைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்து நானே நறுக்கினேன், வேறு வழியில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, 2024 ஜூனில் எங்கள் டாக்டரம்மா படிப்பு முடிந்து போய்விட்டார். மூன்று வருஷப் படிப்பில் நடுவில் சேர்ந்த நோயாளிக்கு இது நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் எங்கள் கோப்பைப் படித்து நிலைமை புரிந்துகொள்ள இரண்டு மாசம் வீணானது. ஒரு தடவை தப்பான ரப்பர் அளவைக் கொடுத்து, அடுத்த தடவை பேராசிரியர் கவனித்து மாற்றினார். அவர் ஒவ்வொரு தடவையும் வந்து பார்ப்பதால்தான் அது பிடிபட்டது. கல்லூரிக்குப் போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: "நீங்க எந்த வருஷம் படிக்கறீங்க? நீங்க போனா யாரு பார்ப்பாங்க?" முதல் வருஷ டாக்டரிடம் சேர்ந்தால் பெரும்பாலும் அவரே முடித்துவைப்பார்.

செலவு: பதிவும் எக்ஸ்ரேயும் 600, ட்வின் பிளாக் 3,500, கிளிப் 24,000, ரிடெய்னர் (கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்து வைப்பது) 2,000. கிளிப் பணத்தை மாசம் ஆயிரமும் ரெண்டாயிரமுமாகக் கட்டினோம். நூல் விலை ஏறித் தறி நின்ற ஒரு மாசம் கட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. மொத்தம் 34 நடை. ஒவ்வொரு நடையும் எனக்கு ஒரு நாள் தறி வேலை போச்சு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறப்பு மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து போகிற நல்ல தனியார் கிளினிக் பக்கத்திலேயே இருந்தால், பத்தாயிரம் பதினைந்தாயிரம் அதிகமானாலும் அது சிலருக்குக் கட்டுபடியாகும்.

2025 பிப்ரவரியில் கழற்றினார்கள். பசையைச் சுரண்டி மெருகேற்ற ஒரு மணி நேரம். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அவள் சிரிக்கவில்லை. நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வழுவழுன்னு இருக்குதும்மா" என்றாள். அப்புறம் உதட்டை மூடிக் காட்டினாள். முட்டாமல், இழுக்காமல், சாதாரணமாக மூடியது.

அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஈறுக்குள் இருக்கிற நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அவை அடங்க ஒரு வருஷம் வரை ஆகும். அதனால் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டினார்கள், மேலுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு தட்டு. வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தத் தட்டைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எழும்போது இலையோடு சேர்த்து மடித்துவிட்டாள். மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலை நானும் அவளும் அரை மணி நேரம் புரட்டினோம். பந்தி பரிமாறிய அண்ணன் ஒருவரும் கூட வந்து தேடினார். கிடைக்கவில்லை. மறுநாளே ஓடிப் போய் 1,200 கட்டிப் புதிது செய்தோம். நாலு நாள்தான் இடைவெளி. அதற்குள்ளேயே புதுத் தட்டு முதல் ராத்திரி இறுக்கிப் பிடித்து வலித்தது என்றாள். இப்போது சிவப்பு டப்பா ஒன்று எப்போதும் பையில் இருக்கும். எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டு டப்பாவுக்குள், டப்பா மடிக்குள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைத்தது அந்த டாக்டர் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டதற்கு.

இப்போது இரவில் மட்டும் தட்டு. சின்னவனுக்கு எட்டு வயசாகிறது. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கிறது. ஏழு வயசுக்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கமே சொல்கிறதாம், நாங்கள் ஒரு வருஷம் தாமதம். சின்ன ஸ்பிரிங் வைத்த தட்டில் சில மாசத்தில் சரியாகிவிடும் என்றார் பேராசிரியர். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்த முறை முதல் வருஷ டாக்டர் யார் என்று கேட்டு வைத்துவிட்டேன்.